தார்ப்பாய்க்கு அடியில் இருந்த விறகு

ரொசேர்: பொங்குது, பொங்குது! வெண்ணெயப் போடு சொலாஞ்ச்... சீக்கிரம்!

சொலாஞ்ச்: எவ்வளவு மாமா?

ரொசேர்: பட்டாணி அளவு... அட, அவ்வளவா! ரொட்டிக்கா தடவுற?

சொலாஞ்ச்: போட்டாச்சு. பாருங்க, நுரை அடங்கிடுச்சு.

ரொசேர்: அடங்கிடுச்சு... சரி. இப்ப அடுப்புக் கதவத் தொறந்து விறகு போடு. ரெண்டு பக்கமும் சமமா. தலையப் பின்னால இழு, முடி பொசுங்கிடும்.

சொலாஞ்ச்: மாமா, நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்து பதினோரு வருஷம் ஆச்சு.

ரொசேர்: பதினோரு வருஷத்துல இந்தக் கொட்டகைக்குள்ள எத்தன தடவ வந்திருக்க?

சொலாஞ்ச்: ...சாப்பிட வந்திருக்கேன்.

ரொசேர்: அதான். மேப்பிள் பாகுல வெந்த முட்டையச் சாப்பிட்டுட்டு, "புகை நாத்தம் முடில ஏறுது"ன்னு ஓடிடுவ.

சொலாஞ்ச்: இப்பவும் ஏறிட்டுத்தான் இருக்கு.

ரொசேர்: ஏறட்டும். இந்த வருஷம் நீ வருவேன்னே நான் நெனக்கல. வேற வழியில்லாமத்தான் கேட்டேன். இந்த அடுப்புக்கு ஒரு ஆள் பத்தாது. ஒருத்தர் நெருப்பப் பாக்கணும், ஒருத்தர் பாகு கொதிக்கிற தட்டப் பாக்கணும். போன வருஷம் வரைக்கும் நான் நெருப்பு, எம்மவன் பெனுவா தட்டு. இப்ப...

சொலாஞ்ச்: மாமா, இந்த ஓரத்துல தண்ணி மட்டம் எறங்குதே?

ரொசேர்: எங்க? ...ஆமா. தண்ணி விடுற மிதவை சிக்கிக்கிச்சு. கரண்டிக் காம்பால தட்டு. லேசா... லேசா! ஆங், வருது. ஒரு விரல் உயரத்துக்குக் கீழ போச்சுன்னா அடி பிடிச்சிடும். தட்டு ஓட்டையானா இனி யாரு வெல்டிங் பண்ணித் தர்றது?

சொலாஞ்ச்: இந்த அடுப்பையும் தட்டையும் அவன் செஞ்ச மூணு வாரமும் வீட்டுல சாப்பாட்டு நேரத்துக்கு வரவே இல்ல. பழைய எண்ணெய்ப் பீப்பாயக் கட்டிப் புடிச்சுட்டுக் கெடந்தான்.

ரொசேர்: நான் கேலி பண்ணேன். "இதுல காப்பிகூடக் கொதிக்காதுடா"ன்னேன். மொத நாளே எம்பது லிட்டர் மேப்பிள் தண்ணிய ரெண்டு லிட்டர் பாகாக்கிட்டு என்னப் பாத்தான் பாரு... ஒண்ணும் சொல்லல. சும்மா பாத்தான்.

சொலாஞ்ச்: அந்தப் பார்வை எனக்கும் தெரியும்.

ஃபெர்னான்: யாரு உள்ள? ஆவி ரோடு வரைக்கும் வருது! ரொசேர், பாகு காய்ச்சுறியா, கொட்டகையக் கொளுத்துறியா?

ரொசேர்: வந்துட்டான்யா பக்கத்து வீட்டுக்காரன். கதவச் சாத்து ஃபெர்னான், குளிர் உள்ள வருது.

ஃபெர்னான்: அட, சொலாஞ்ச்! நீயா? கையில கரண்டியோட! இத போட்டோ எடுத்து என் கடையில மாட்டணுமே.

சொலாஞ்ச்: மாட்டுங்க. பக்கத்துலயே உங்க போட்டோவையும் மாட்டுங்க. "காசு குடுக்காம ருசி பாக்குறவர்"னு எழுதி.

ஃபெர்னான்: வாய் கொறையல உனக்கு. நல்லது, நல்லது. சரி, ஒரு குவளை குடு. இன்னும் தண்ணியா இருந்தாலும் பரவால்ல, வயித்துக்கு நல்லதாம்.

ரொசேர்: உன் வயித்துல அதுக்கு இடம் எங்க இருக்கு?

ஃபெர்னான்: பேசுறான் பாரு. போன வருஷம் கடைசியா காய்ச்சுனியே, அது பாகா? டிராக்டர் எண்ணெய். என் வீட்டுக்காரி அத எடுத்துக் கதவுக் கீல்ல விட்டா. கிறீச் சத்தம் நின்னே போச்சு.

ரொசேர்: பெனுவா அதச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாள் சிரிச்சான்.

ஃபெர்னான்: ஆமா... சிரிச்சான்...

சொலாஞ்ச்: இந்தாங்க குவளை. சூடு, பாத்து.

ஃபெர்னான்: ம்... ம். நல்லாருக்கு. ...தோள்பட்டை எப்படிடா இருக்கு?

ரொசேர்: கையக் காதுக்கு மேல தூக்க முடியல.

ஃபெர்னான்: தூக்க முடியாத தோள்பட்டைய வெச்சுக்கிட்டு இந்தக் குளிர்காலம் பூரா உன் வாசல்ல பனி தள்ளுனான், தெரியுமா சொலாஞ்ச்? விடியறதுக்கு முன்னாடியே டிராக்டரக் கெளப்பிடுவான். "எங்க வாசல்லயும் தள்ளுடா"ன்னா, "உனக்கென்ன கேடு, நீயே தள்ளு"ங்கறான்.

சொலாஞ்ச்: ...தெரியும்.

ஃபெர்னான்: சரி, கெளம்புறேன். கடையில ஆள் இல்ல. ஆங்... சொலாஞ்ச், அட்டைப் பெட்டி இன்னும் பன்னெண்டு எடுத்து வெச்சிருக்கா என் வீட்டுக்காரி. முன்னாடி குடுத்த இருபது பத்தலன்னியாமே?

ரொசேர்: எதுக்குப் பெட்டி?

ஃபெர்னான்: அது... சொலாஞ்ச், நீ இன்னும் இவன்கிட்ட...

சொலாஞ்ச்: ஃபெர்னான், கதவு தொறந்திருக்கு.

ஃபெர்னான்: ஆமா. குளிர் உள்ள வருது. நான்... சாயங்காலம் வரேன். இல்ல, நாளைக்கு வரேன்.

ரொசேர்: முப்பத்திரண்டு பெட்டி.

சொலாஞ்ச்: மாமா...

ரொசேர்: முப்பத்திரண்டு பெட்டில ஒரு வீடே அடங்கிடும்.

சொலாஞ்ச்: இன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன்.

ரொசேர்: உதவி பண்ண வந்தேன்னு நெனச்சேன்.

சொலாஞ்ச்: ரெண்டுக்கும்தான் வந்தேன். ...ஷெர்ப்ரூக் டவுனுக்குப் போறோம். அங்க எங்க அக்கா இருக்கா. முதியோர் இல்லத்துல ஒரு வேல கெடச்சிருக்கு. ஈஸ்டர் முடிஞ்சதும்.

ரொசேர்: பேத்தி ஒசேயானுக்குப் பள்ளிக்கூடம்?

சொலாஞ்ச்: அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கு மாமா.

ரொசேர்: அவளுக்குத் தெரியுமா?

சொலாஞ்ச்: தெரியும். "தாத்தாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்கோ"ன்னுட்டா. ஏழு வயசுல என்ன அழுத்தம் பாருங்க.

ரொசேர்: நாலு மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்கி நேரா இங்கதான் ஓடி வருவா. பனி மேல பாகு ஊத்தித் தரேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

சொலாஞ்ச்: காலைல இருந்து அதே பேச்சுதான்.

ரொசேர்: வீட்டுல ஏதாவது கொறையா? கூரை ஒழுகுறதுன்னா பனி கரைஞ்சதும் பாத்துடறேன். உன் கார் டயரும் தேஞ்சு போச்சு, மாத்திடலாம்...

சொலாஞ்ச்: வேணாம் மாமா. நீங்க எல்லாத்தையும் செஞ்சுட்டுத்தான் இருக்கீங்க. விறகு, பனி, மளிகை... நான் கேக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நிக்குது. அதான் என்னால...

ரொசேர்: அதான் என்ன?

சொலாஞ்ச்: ஒண்ணுமில்ல. நெருப்பு தணியுது.

ரொசேர்: போடு விறகு.

சொலாஞ்ச்: இந்தப் பக்கம் தீந்துடுச்சு.

ரொசேர்: சுவரோரம் பாரு.

சொலாஞ்ச்: அங்க பட்டையும் சிம்பும்தான் கெடக்கு.

ரொசேர்: அதுக்குள்ளயா? ...வீட்டுக்குப் பின்னால இருந்து எடுத்துட்டு வரணும். டிராக்டரக் கெளப்பி, ஏத்தி... அரை மணி ஆகும். அதுக்குள்ள கொதி நின்னுடுமே.

சொலாஞ்ச்: எதுக்கு அவ்வளவு தூரம்? கொட்டகைக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடி ஒரு அடுக்கு இருக்கே. இருங்க, எடுத்துட்டு வரேன்...

ரொசேர்: எது? சொலாஞ்ச்... ஏய், அது வேணாம்!

சொலாஞ்ச்: ஏன்? இந்தா பாருங்க, எப்படிக் காஞ்சிருக்கு. தட்டினா கணீர்னு கேக்குது. நாலு கட்ட போட்டா...

ரொசேர்: வேணாம்னு சொன்னேன்ல! கீழ வெய்யி!

சொலாஞ்ச்: ...வெச்சுட்டேன்.

ரொசேர்: ...கத்திட்டேன்.

சொலாஞ்ச்: பரவால்ல.

ரொசேர்: அது... அந்த மரம்.

சொலாஞ்ச்: எந்த... ஓ.

ரொசேர்: அடக்கம் முடிஞ்ச மறுநாள் காட்டுக்குப் போனேன். பாதி அறுத்தபடியே நின்னுச்சு. பெனுவா மேல விழுந்த கிளை பக்கத்துல கெடந்துச்சு. அப்படியே விட்டுட்டு வர முடியல. நானே சாச்சு, நானே துண்டு போட்டு, பிளந்து...

சொலாஞ்ச்: தனியாவா?

ரொசேர்: தோள்பட்டை போனது அதுலதான்.

சொலாஞ்ச்: பனில வழுக்கி விழுந்தேன்னீங்களே.

ரொசேர்: அப்படித்தான் சொன்னேன்.

சொலாஞ்ச்: எதுக்கு மாமா அப்படிப் பண்ணீங்க?

ரொசேர்: தெரியல. அது நிக்கக்கூடாதுன்னு தோணுச்சு. அப்புறம் பாத்தா, எரிக்கவும் முடியல, தூக்கி எறியவும் முடியல. மூடி வெச்சுட்டேன்.

சொலாஞ்ச்: ...கொதி அடங்குது.

ரொசேர்: அடங்கட்டும்.

சொலாஞ்ச்: தொட்டில இன்னும் முந்நூறு லிட்டர் இருக்கு. வெளிய வெயில் அடிக்குது. நாளைக்குள்ள கெட்டுப் போயிடும்.

ரொசேர்: கெட்டா கொட்டிடலாம்.

சொலாஞ்ச்: கொட்ட விட மாட்டேன். மரத்துக்கு மரம் அவன் இழுத்துக் கட்டுன குழாய்ல வந்த தண்ணி அது. தள்ளுங்க.

ரொசேர்: சொலாஞ்ச்... வேணாம்மா...

சொலாஞ்ச்: அடுப்புக் கதவத் தொறங்க. எனக்கு ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு. தொறங்க மாமா.

ரொசேர்: ...தொறந்துட்டேன்.

சொலாஞ்ச்: நகருங்க, உங்க சட்ட கருகும். ஒண்ணு... ரெண்டு... மூணு. இன்னொண்ணு. சாத்துங்க.

ரொசேர்: எப்படிப் புடிக்குது பாரு.

சொலாஞ்ச்: நான் பாக்கல. நீங்களும் பாக்காதீங்க. தட்டப் பாருங்க.

ரொசேர்: ...கொதிக்குது.

சொலாஞ்ச்: கொதிக்கட்டும்.

ரொசேர்: சொலாஞ்ச். நீ கெளம்பிப் போறது என்னாலதானே?

சொலாஞ்ச்: என்ன பேச்சு இது?

ரொசேர்: உனக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணும். என் கூடப் பேசும்போது முகத்தத் திருப்பிக்குவ. போன மாசம் பனி தள்ளிட்டு கை காட்டினேன். நீ ஜன்னல்ல இருந்து உள்ள போயிட்ட.

சொலாஞ்ச்: ...வெப்பமானி நூத்திரண்டு காட்டுது.

ரொசேர்: நூத்தி நாலு வரணும். இன்னும் நேரம் இருக்கு. கேளு. இத நான் ஃபெர்னான்கிட்டகூடச் சொல்லல. பாதிரியார் ரெண்டு தடவ வந்து உக்காந்தாரு, அவர்கிட்டயும் சொல்லல.

சொலாஞ்ச்: மாமா, இப்ப வேணாமே...

ரொசேர்: நீ பெட்டி கட்டிட்டுப் போனப்புறம் நான் யார்கிட்டச் சொல்ல? ...அன்னைக்குக் காலைல அவனுக்கு நான் போன் பண்ணேன். எடுக்கல. பேசிப் பதிவு பண்ணி வெச்சேன். "வசந்தத்துக்கு விறகு பத்தாது. அந்தக் காஞ்ச மரத்த இன்னைக்கே சாச்சுடு. எத்தன தடவடா சொல்றது, சோம்பேறி"ன்னு. விளையாட்டாத்தான் சொன்னேன்... ஆனா சொன்னேன். வெளிய காத்து. என் கூரைத் தகரம் படபடன்னு அடிச்சுக்குது. அதக் காதுல வாங்கிக்கிட்டேதான் அப்படிப் பேசுனேன் சொலாஞ்ச். இந்தக் காத்துல காஞ்ச மரத்துக்கிட்டப் போகக்கூடாதுன்னு அவனுக்குச் சின்ன வயசுல சொல்லிக் குடுத்தவனே நான்தான்.

சொலாஞ்ச்: மாமா...

ரொசேர்: அதக் கேட்டுட்டுத்தான் போயிருக்கான். பத்து மணிக்கு ஃபெர்னான் தொப்பி இல்லாம ஓடி வந்தான். அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

சொலாஞ்ச்: நூத்தி மூணரை.

ரொசேர்: ...கரண்டியக் குடு.

சொலாஞ்ச்: இந்தாங்க.

ரொசேர்: சொட்டுச் சொட்டா விழுது. இன்னும் பதம் வரல... இன்னும்... இப்ப பாரு. ரெண்டு சொட்டும் சேந்து தகடா தொங்குது. தொற! குழாயத் தொற!

சொலாஞ்ச்: தொறந்துட்டேன். வாளி சரியா இருக்கா?

ரொசேர்: இருக்கு. வடிகட்டுற கம்பளித் துணி நடுவுல விழட்டும். அவசரப்படாத... போதும், போதும். மூடு. இல்லன்னா பின்னால வர்ற தண்ணி கலந்துடும்.

சொலாஞ்ச்: மூடிட்டேன்.

ரொசேர்: ரெண்டு லிட்டர் தேறும். நிறத்தப் பாத்தியா? வைக்கோல் மாதிரி. மொதக் காய்ச்சு எப்பவும் இப்படித்தான் இருக்கும். ருசி பாரு.

சொலாஞ்ச்: நீங்க பாருங்க.

ரொசேர்: கொஞ்ச நாளா என் நாக்குல எதுவும் தெரியறதில்ல. நீ பாத்துச் சொல்லு.

சொலாஞ்ச்: ...சூடு.

ரொசேர்: எப்படி இருக்கு?

சொலாஞ்ச்: இனிக்குது மாமா. வேற என்ன சொல்ல.

ரொசேர்: அது போதும். ...சொல்லிட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு இத வாய் விட்டுச் சொல்ல. இனி நீ புள்ளையக் கூட்டிட்டுப் போறது நியாயந்தான், தடுக்க மாட்டேன். எப்பவாவது அவள என் கண்ணுல காட்டினா போதும். அதுவும் உனக்கு மனசு வந்தா.

சொலாஞ்ச்: எத்தன மணிக்குப் போன் பண்ணீங்க?

ரொசேர்: ஏழே கால் இருக்கும். ஏன்?

சொலாஞ்ச்: ஏழு பதினெட்டு.

ரொசேர்: ...என்ன?

சொலாஞ்ச்: ஏழு பதினெட்டு. ஆறு தடவ மணி அடிச்சுது. "அப்பா"ன்னு பேரு வந்துச்சு.

ரொசேர்: அப்ப நீ அவன் பக்கத்துலயா இருந்த?

சொலாஞ்ச்: அவன் பக்கத்துல இல்ல. போன் பக்கத்துல.

ரொசேர்: புரியலம்மா.

சொலாஞ்ச்: போன் சமையலறை மேசை மேல கெடந்துச்சு மாமா. அவன் அதுக்கு முன்னாடியே கெளம்பிட்டான். ஏழுகூட ஆகல. ரம்பத்த மட்டும் எடுத்துட்டுப் போனான்.

ரொசேர்: அப்ப... நான் பேசுனது...

சொலாஞ்ச்: அவன் கேக்கல.

ரொசேர்: திரும்பி வந்து கேட்டிருப்பான். எதையாவது மறந்துட்டு வந்து...

சொலாஞ்ச்: வரல. நான் வீட்ட விட்டு நகரல. அடக்கம் முடிஞ்சு வந்து நான்தான் மொதல்ல அதக் கேட்டேன். "சோம்பேறி"ங்கறீங்க. அப்புறம் கொஞ்சம் இருமுறீங்க. அப்புறம் வெச்சுடறீங்க.

ரொசேர்: ...இருமினேனா?

சொலாஞ்ச்: ஆமா.

ரொசேர்: அப்ப நவம்பர்லயே உனக்குத் தெரியும்.

சொலாஞ்ச்: தெரியும்.

ரொசேர்: அஞ்சு மாசமா நான் ஒழுங்காத் தூங்கல சொலாஞ்ச்.

சொலாஞ்ச்: அதுவும் தெரியும். உங்க வெளக்கு எரியறது எங்க மாடில இருந்து தெரியும்.

ரொசேர்: தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல.

சொலாஞ்ச்: சொல்லல.

ரொசேர்: ஏன்? ...ஏம்மா? உனக்கு நான் என்ன பண்ணேன்?

சொலாஞ்ச்: ...பஸ் சத்தம் கேக்குது.

ரொசேர்: அவ பனில நடந்து இங்க வர அஞ்சு நிமிஷம் ஆகும். சொல்லு.

சொலாஞ்ச்: நீங்க எனக்கு ஒண்ணும் பண்ணல. அன்னைக்குக் காலைல, ஷெர்ப்ரூக் போயிடலாம்னு அவன்கிட்ட மறுபடியும் கேட்டேன். அப்பாவையும் மரத்தையும் விட்டுட்டு வர மாட்டேன்னான். "அப்ப அந்த மரத்துக்கிட்டயே போய்த் தொலை, இந்த வாசப்படி ஏறாத"ன்னு கத்தினேன். காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனான். கொஞ்ச நேரத்துல போன் அடிச்சுது. உங்க பேரப் பாத்துட்டு, கோவத்துல எடுக்காம விட்டேன். எடுத்து சண்டையச் சொல்லியிருந்தா நீங்க ஓடிப் போய் அவனக் கூட்டிட்டு வந்திருப்பீங்க... கல்லறையில என் கையப் புடிச்சுக்கிட்டு "என்ன மன்னிச்சுடும்மா"ன்னீங்க. எதுக்குன்னு அப்பப் புரியல. வீட்டுக்கு வந்து நீங்க பேசி வெச்சதக் கேட்டதும் புரிஞ்சுது. புரிஞ்சப்ப எனக்கு... மூச்சு வந்துச்சு மாமா. பழி உங்க மேலேயே இருந்துட்டுப் போகட்டும், நான் சொன்னது யாருக்கும் தெரிய வேணாம்னு விட்டுட்டேன். நீங்க கூப்பிட்டு அவன் போகல. நான் போகச் சொல்லித்தான் போனான்.